குடலின் தோற்றமும் கருநூல் வழக்கும்

வாயில் தொடங்கி எருவாயில் முடிகின்ற உணவுப்பாதை, ஒருவாற்றான் நோக்குமிடத்து, மக்களுடம்பின் உறுப்புக்கள் யாவற்றினும் எளிய வடிவுடையது. அஃது ஒரு குழல். மற்றொருவாற்றான் நோக்குமிடத்து அதனினுஞ் சிக்கலானது பிறிதில்லை. உணவுக்குழல் மார்பினூடு நேரே இறங்கி வயிற்றை யடைகின்றது. இரைப்பை இடப்பக்கஞ் சாய்ந்து கிடக்கின்றது. அதனையடுத்த முன்சிறுகுடல் குதிரைலாடம்போல் வளைந்து கணையத்தின் தலையைச் சூழ்கின்றது. ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல் சுருண்டு நடுவயிற்றை நிரப்ப, ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல் வலப்புறம் ஏறிக் குறுக்கே சென்று இடப்புறம் இறங்கி, அச்சுருளுக்குச் சட்டமிட்டாற்போல் அமைகின்றது. முன்சிறுகுடல் பெருங்குடற்குப் பின்னே மறைந்து கிடத்தல் ஏன்? குடலைத் தாங்கும் சவ்வு முதுகுப்புறத்தே சாய்வாகப் பற்றிநிற்றல் ஏன்? வளர்ந்த உடம்பை மாத்திரம் அறுத்து நோக்குவார்க்கு இவற்றின் காரணம் புலனாகாது. கருவிலே குடல் எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறிந்தாலன்றி, அது கிடக்கும் கிடை விளங்காது.

குடல் எவ்வாறு உண்டாயிற்று என்னும் வினா ஒருகாலத்து மருத்துவ வினாவாக மாத்திரம் நின்றதன்று. முன்னே இருந்த பொருளே பின்னர்க் கண்ணுக்குத் தோன்றுகின்றதோ, அன்றி இல்லாத உருவம் படிப்படியே ஆக்கப்படுகின்றதோ என்னும் பெருவழக்கொன்று ஐரோப்பாவில் நூறாண்டிற்கு மேல் நடந்தது. அவ்வழக்கில் இருதிறத்தாரும் சான்றாக அழைத்தது கோழிக்குஞ்சின் குடலையே யாகும். ஒரே உறுப்பு இரு எதிர்க்கொள்கைகட்கும் சான்றாய் நின்றமையும், அவற்றுள் ஒன்று வீழ்ந்தமையும் அறிதற்குரியன.

கோழிமுட்டையை நாடோறும் ஒவ்வொன்றாக உடைத்துக் கருவின் வளர்ச்சியை நோக்கும் முறையை நூலில் எழுதிவைத்தவருள் கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் ஒருவர். மூன்றாம் நாளில் துடிக்கும் குருதிப்புள்ளியாக நெஞ்சம் தோன்றுதலை அவர் கண்டார். கருவினின்றும் ஒரு நாளம் மஞ்சட்கருவை நோக்கிச் செல்லுதலையும், குஞ்சு வெளிப்படுமுன் மஞ்சட்கரு அதன் வயிற்றினுட் புகுதலையும், பொரித்த பின்னரும் அதன் எச்சம் குடலோடு தொடர்ந்து நிற்றலையும் அவர் குறித்துள்ளார். உறுப்புக்கள் ஒருங்கே தோன்றாது, வலை பின்னப்படுதல் போல ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன என்பது அவர் துணிபு. ஆங்கில மருத்துவராகிய ஹார்வி 1651-இல் வெளியிட்ட நூலில் இத்துணிபையே மேற்கொண்டு, அதற்கு ஒரு தனிப்பெயருந் தந்தார். அதனைப் படிமுறையாக்கக் கொள்கை எனலாம்.

ஆயின் ஹார்விக்குப் பின்னர் நுண்பெருக்காடி வந்தது. வந்து, தெளிவினும் மிகுதியாக மயக்கத்தையே முதலில் விளைத்தது. இத்தாலிய நாட்டுப் பொலோனாவில் மால்பீகி என்பார் 1670-களில் அடைகாவாத முட்டையிலும் கருவின் சாயல் காணப்படுவதாக எழுதினார். அவர் அம்முட்டையை உடைத்தது கடுங்கோடைக் காலத்தில் என்பதும், அவ்வெப்பமே கருவைச் சிறிது வளர்த்திருத்தல் கூடுமென்பதும் பின்னோர் கண்ட உண்மை. ஒல்லாந்த நாட்டுச் சுவாமர்டாம் பூச்சிகளை அறுத்து, கூட்டுப்புழுவினுள் வண்ணத்துப்பூச்சியின் உறுப்புக்கள் மடிந்து கிடத்தலைக் காட்டினார். இவ்விரு காட்சியினின்றும் எழுந்ததே முன்னமைவுக் கொள்கை. எல்லா உயிருடம்பும் படைப்பின் முதனாளிலேயே ஆக்கப்பட்டு, பேழைக்குட் பேழைபோல் தாயின் முட்டைக்குள் மகளும், மகளின் முட்டைக்குள் அவள் மகளுமாக அடங்கியுள்ளன என்றும், வளர்ச்சியென்பது பருத்தலேயன்றி ஆக்கமன்று என்றும் அக்கொள்கையினர் கூறினர். பிரெஞ்சு மெய்ந்நூலாசிரியராகிய மாலபிராஞ்சு 1674-இல் இதனை உடன்பட்டு எழுதினார். ஜினீவாவிலிருந்த பொன்னே என்பார் 1740-இல் ஆண் சேர்க்கையின்றியே செடிப்பேன் குட்டியீனுதலைக் கண்டு இதனை மேலும் வலியுறுத்தினார். கேட்போர்க்கு இன்று நகைப்பைத் தரும் இக்கொள்கை அன்று அறிவுடையோரின் கொள்கையாகவே இருந்தது. உயிரற்ற அணுக்கள் தாமே கூடிக் கண்ணையும் குடலையும் ஆக்கின என்பதினும் இஃது ஏற்கத்தக்கதெனப் பலர் கருதினர்.

இவ்வழக்கைக் கேட்டவளவில், சற்காரியவாதம் பயின்ற சைவநன்மக்கள் முன்னமைவினரைத் தம் பக்கத்தவராகக் கொள்ளுதலுங் கூடும். அங்ஙனங் கோடல் பொருந்தாது. மண்ணிற் குடம் உளதென்பார், சிறியதோர் குடம் வாயுங் கழுத்துமாக மண்ணுள் ஒளிந்துகிடக்கின்றது எனக் கூறினாரல்லர். காரியம் சூக்குமமாய்ச் சத்தி வடிவில் நிற்குமென்றே கூறினர். ஐரோப்பிய முன்னமைவினருட் பலர் உண்டெனக் கொண்டது சிறுகுடத்தையே யாம். இரண்டினையும் ஒன்றென மயங்காமை வேண்டும்.

முன்னமைவுக் கொள்கைக்கு அரண் செய்தாருள் தலைசிறந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பெர்ன் நகரத்தவராகிய ஆல்பிரெக்ட் வான் ஹாலர். 1708-இற் பிறந்த அவர், ஜெர்மனியின் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1736 முதல் 1753 வரை ஆசிரியராயிருந்து, உடற்செயல் நூலில் அக்காலத்தே ஒப்பாரின்றி விளங்கினார். இளமையில் முன்னமைவினை நம்பி, இடையில் அதனை விடுத்துப் படிமுறையாக்கத்தைத் தழுவி, பின்னர்க் கோழிமுட்டைகளைத் தாமே ஆராய்ந்து மீண்டும் முன்னமைவிற்கே திரும்பினவர் அவர். அவரைத் திருப்பியது குடல் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

1758-இல் குஞ்சின் நெஞ்சவமைப்பைப்பற்றி வெளியிட்ட நூலில் அவர் கூறிய ஏது இது. குஞ்சின் சிறுகுடலை உள்ளே போர்த்த சவ்வு, நாளத்தின் வழியே இடையறாது சென்று, மஞ்சட்கருவைப் போர்த்த சவ்வோடு ஒன்றாகின்றது. அஃதாவது, மஞ்சட்கருவானது குஞ்சின் குடலிற் பிறந்த ஒரு பெரும்பையே. ஆயின் மஞ்சட்கரு, சேவல் சேராத பெட்டையின் உடம்பிலும் உளது. பை இருப்பின், அது தொங்குகின்ற குடலும் இருத்தல் வேண்டும். குடல் இருப்பின் குஞ்சும் இருத்தல் வேண்டும். ஆகவே சேவல் சேருமுன்னரே, முட்டை இடப்படுமுன்னரே, குஞ்சு முழுதும் தாயுடம்பில் உளது.

வாதம் நேரியது, காட்சியும் பொய்யன்று. குடலும் மஞ்சட்கருவின் பையும் தொடர்ச்சியுடையன என்பது எவரும் கத்தியுங் கண்ணுங் கொண்டு காணத்தக்கது. மேலும் ஹாலர் நுண்ணறிவினர். கருவினுறுப்புக்கள் வளர்ந்த உடம்பினுள்ளன போன்ற அளவிலும் நிலையிலும் இருக்குமென அவர் கூறினாரல்லர். மடிந்தும் நெளிந்தும் நீர்போல் தெளிந்தும் இருத்தலின் கண்ணுக்குப் புலப்படா என்றார். கண்ணுக்குத் தோன்றாமையால் இல்லையென்றல் பொருந்தாது என்னும் இவ்விடை எவராலும் எளிதில் வெல்லற்கரியதாய் நின்றது.

அதனை வென்றவர் பெர்லின் நகரத்துத் தையற்காரர் ஒருவரின் மகன். காஸ்பர் பிரீட்ரிக் உல்ஃப் என்பது அவர் பெயர். பெர்லினிலும் ஹாலே பல்கலைக்கழகத்திலும் மருத்துவம் பயின்று, 1759-இல், தம் இருபதுகளின் நடுவில், உயிராக்கத்தைப் பற்றிய ஆய்வுரையைப் பட்டத்திற்காக அவர் அளித்தார். செடியின் இலையும் பூவும் உருவமற்ற குழம்பினின்றும் தோன்றுதலையும், குஞ்சின் குருதிக்குழாய்கள் குழாயல்லாத பொருளினின்றும் ஆதலையும் அதிற் காட்டினார். அவ்வாய்வுரையை ஹாலர்க்கே அனுப்பியுங் கொடுத்தார். மறுப்பவர்க்கே முதற்கண் அனுப்பும் இவ்வியல்பு பாராட்டத்தக்கது. ஹாலர் அதனை மதித்தார், உடன்பட்டிலர். இருவர்க்குமிடையே கடிதப் போக்குவரவு ஹாலர் 1777-இல் இறக்குங்காறும் நடைபெற்றது. உயிருடம்பு தானே ஆகுமெனின் படைத்தோனுக்கு இடமில்லையாகுமே என்பது ஹாலரின் அச்சம். இயற்கையாற்றலால் உடம்பு ஆகுமென்பதனால் இறைவனுண்மை இல்லையாகாது என்பது உல்ஃபின் விடை. சமயப்பற்று மிக்கவராகிய ஹாலர்க்கு அவ்விடை நிறைவு தரவில்லை. 1766-இல் முடிந்த தம் பெருநூலிலும் படிமுறையாக்கம் இல்லையென்றே அவர் முடிவு கூறினார்.

ஏழாண்டுப் போரில் உல்ஃப் பிரெஸ்லாவின் படைமருத்துவ மனையிற் பணிபுரிந்தார். போருக்குப் பின் பெர்லினில் தனியே பாடஞ் சொல்லி, 1764-இல் தம் கொள்கையை ஜெர்மன் மொழியில் விரித்தெழுதினார். ஆசிரியப் பதவி அங்கே அவர்க்குக் கிடைத்திலது. உருசிய அரசி இரண்டாங் காதரீன் அழைக்க 1767-இல் பீட்டர்ஸ்பர்க்குக் கழகத்திற் சேர்ந்து, 1794-இல் இறக்குமளவும் அங்கேயே வாழ்ந்தார். அக்கழக வெளியீட்டில் 1768, 1769 ஆம் ஆண்டுகளில் இலத்தீன் மொழியில் அவர் எழுதிய நீண்ட ஆய்வே குடலின் ஆக்கம் என்பது.

அவ்வாய்வின் உயிர்நிலை ஒன்றே. அடைகாக்கத் தொடங்கிய முதனாட்களில் குடல் இருக்கவேண்டிய இடத்தில் குழல் இல்லை. ஒன்றும் இல்லாமலும் இல்லை. ஆங்குள்ளது தட்டையானதொரு மெல்லிய ஏடு. அவ்வேடு முதலில் தலைப்புறத்தும் பின்னர் வாற்புறத்தும் அடியிற் கவிந்து பைபோலாகின்றது. இருபக்கத்து ஓரங்களும் எழுந்து மடிந்து ஒன்றையொன்று நெருங்குகின்றன. நெருங்கி, வாய்க்கால்போலாகி, ஓரங்கள் பொருந்தக் குழலாகின்றன. நடுவில் மாத்திரம் சிறிதுகாலம் திறந்திருந்து, அத்திறப்பின் வழியே மஞ்சட்கருவோடு தொடர்பு நிற்கின்றது. உல்ஃப் இதனை நாள்தோறும் நோக்கி, மடிப்பு மடிப்பாக எழுதிச் செல்கின்றார்.

ஹாலரின் விடை இங்கே பயன்படாதாயிற்று. காணப்படாமை இன்மைக்குச் சான்றாகாது என்பது அவர் கூற்று. ஒன்றுங் காணப்படாத இடத்திலன்றோ அது செல்லும்? குடலின் இடத்தில் ஏடு காணப்படுகின்றது. காணப்பட்ட அவ்வேடே கண்முன் மடிந்து குழலாகின்றது. ஏடாயிருக்கும் பொருள் அப்பொழுதே குழலாகவும் இருந்து மறைந்துநின்றது என்றல் எவ்வாற்றானுங் கூடாது. சிறுமையும் தெளிவும் உருவ வேறுபாட்டிற்குக் காரணமாகா. வாதத்தால் வாதத்தை வெல்லாமல், மறுப்பிற்கு இடந்தராத உறுப்பைத் தேர்ந்தெடுத்தமையே உல்ஃபின் வன்மை. நெஞ்சத்தையோ குருதிக்குழாயையோ கொண்டு மாத்திரம் அவர் வழக்காடியிருப்பின் ஹாலரே வென்றவராகக் கருதப்பட்டிருப்பார்.

எனினும் அவ்வாய்வு நாற்பது ஆண்டு அளவும் பலராற் படிக்கப்படாதே கிடந்தது. ஹாலே நகரத்து யோஹான் பிரீட்ரிக் மெக்கல் 1812-இல் அதனை ஜெர்மன் மொழியிற் பெயர்த்த பின்னரே உலகம் அறிந்தது. 1817-இல் பாண்டர் என்பார் வூர்ட்ஸ்பர்க்கில் கோழிக்கருவை ஆராய்ந்து, உல்ஃப் கண்ட ஏடு தனியன்று, கருவில் மூன்று படலம் உள என்றார். அவர் நண்பராகிய பேயர் 1828-இல் வெளியிட்ட நூலில் இதனைப் பிறவுயிர்கட்கும் விரித்தார். உல்ஃபின் குடலாய்வைக் காட்சிவழி ஆராய்ச்சியில் எழுந்தவற்றுள் தலையாயதெனப் போற்றியவரும் இவரே. 1850-களில் ரேமாக் என்பார், உயிரணுக் கொள்கையோடு இணைத்து, உட்படலத்தினின்றே குடலின் உட்போர்வையும் அதன் சுரப்பிகளும் உண்டாகின்றன எனத் தெளிவித்தார்.

ஹாலரின் ஏது எங்கே வழுவிற்று என்பதும் அப்பொழுது விளங்கலாயிற்று. பெட்டையின் உடம்பிலுள்ள மஞ்சட்கருவைப் போர்த்திருப்பது தாயின் உடம்பு தந்த ஒரு சவ்வு. குஞ்சின் குடலோடு தொடர்வதோ அச்சவ்வன்று. அடைகாக்கத் தொடங்கியபின் கருவின் படலங்கள் மஞ்சட்கருவின்மேல் மெல்லப் படர்ந்து அதனைச் சூழ்ந்துகொள்ள ஆவது. முன்னது முன்னே உளது. பின்னது பின்னே ஆயது. இரண்டையும் ஒரே சவ்வெனக் கொண்டமையே பிழை. தொடர்ச்சியுடைய இருபொருள் ஒரேகாலத்தன ஆகவேண்டுமென்பதில்லை யென உல்ஃப் முன்னரே கூறியதும் இதனோடு பொருந்துகின்றது.

கோழிக்குஞ்சிற் கண்டது மக்கட்கருவிலும் உண்டோ என அறிதற்கு மேலும் காலஞ் சென்றது. தொடக்க வாரங்களின் மக்கட்கரு கிடைத்தற்கரியது. லைப்சிக் நகரத்து வில்ஹெல்ம் ஹிஸ், கருவை மெல்லிய சீவல்களாக அறுத்து, அவற்றினின்றும் மெழுகு முதலியவற்றால் முழுவுருவைப் பெரிதாக மீளச் செய்யும் முறையைக் கைக்கொண்டு, 1880 முதல் 1885 வரை மக்கட்கருவின் அமைப்பை வெளியிட்டார். அவர் மாணவர் அமெரிக்க நாட்டுப் பிராங்க்ளின் மால் 1898-இல் மக்கட்குடலின் வளர்ச்சியை ஆராய்ந்து எழுதினார். கருச்சிதைவுற்ற தாய்மாரிடமிருந்தும் அறுவை செய்யப்பட்டாரிடமிருந்தும் மருத்துவர் அனுப்பிய சிற்றுருக்களே இவ்வறிவிற்கு முதலாயின. நூல்களில் அவை எண்களாகவும் எழுத்துக்களாகவும் மாத்திரம் நிற்கின்றன.

இவ்வாறு அறியப்பட்டதன் சுருக்கம் வருமாறு. மூன்றாம் வாரத்தில் மூன்று படலமுடைய தட்டாயிருக்கும் கரு, நான்காம் வாரத்தில் தலையும் வாலும் பக்கமும் மடிந்து குழலாகின்றது. முன்குடல், நடுக்குடல், பின்குடல் என அது மூவகைப்படும். மூன்றற்கும் குருதி தரும் நாடி தனித்தனியே உண்டு. உணவுக்குழலும் இரைப்பையும் முன்சிறுகுடலின் மேற்பகுதியும் முன்குடலில் ஆவன. ஈரலும் பித்தப்பையும் கணையமும் அதினின்றும் அரும்புபோல் கிளைப்பன. இரைப்பை தன் நெடுக்கு அச்சில் 90 பாகை திரும்புதலினாலேயே இடஞ்சாய்ந்து கிடக்கின்றது. வாய்ப்புறத்துச் சவ்வு நான்காம் வார முடிவளவிற் கிழிய, எருவாய்ப்புறத்துச் சவ்வு அதற்குச் சிலவாரம் பின்னர்க் கிழிகின்றது. இருமுனையும் திறக்கும்வரை குடல் மூடிய குழலே.

நடுக்குடலின் வரலாறே வியப்பு மிக்கது. ஆறாம் வாரத்தில் அது வயிற்றினுள் இடம்பெறாது, கண்ணிபோல் நீண்டு தொப்புட்கொடியினுட் புகுகின்றது. ஈரல் அப்பொழுது வயிற்றின் பெரும்பகுதியை நிரப்பியுளது. வெளியே கிடந்தே நீண்டும் சுருண்டும், தனக்குக் குருதி தரும் நாடியை அச்சாகக் கொண்டு 90 பாகை திரும்பி, பத்தாம் வாரத்தில் வயிற்றினுள் மீளுங்கால் மேலும் 180 பாகை திரும்புகின்றது. ஆக 270 பாகை, முன்னின்று நோக்குவார்க்கு இடஞ்சுழியாக. முன்சிறுகுடல் பின்னும் பெருங்குடல் முன்னும் ஆதலும், தாங்கு சவ்வு சாய்தலும் இத்திருப்பத்தின் பயனே.

குழலாக்குவதும் சுருளாக்குவதும் எவ்வாற்றல்? உல்ஃப் அதனை உயிருடம்பிற்கு இன்றியமையாத ஓர் ஆற்றல் என்று பெயரிட்டு அமைந்தார். பெயரிடுதல் விளக்குதலாகாது. 2011-இல் அமெரிக்க ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் கோழிக்கருவின் குடலைத் தாங்கு சவ்வினின்றும் பிரித்தெடுத்தபொழுது, குடல் நேராக நீண்டது; சவ்வு சுருங்கிற்று. விரைந்து நீளும் குழலை மெல்ல வளரும் சவ்வு இழுத்துப் பிடித்தலினாலேயே சுருள்கள் உண்டாகின்றன என அதனால் அறியப்பட்டது. சுருள்களின் எண்ணும் அளவும் அவ்வளர்ச்சி வேறுபாட்டினின்றே பெறப்படும்.

மஞ்சட்கருவின் நாளம் மக்களிடத்து என்னாயிற்று எனின், மக்கட்கருவில் அப்பையில் மஞ்சட்கரு இன்றேனும் பையும் நாளமும் உள. நாளம் மெலிந்து சில வாரங்களில் அற்றொழிதல் இயல்பு. நூற்றுவருள் ஏறக்குறைய இருவர்க்கு அது முற்றும் அறாது, சிறுகுடலின் கடைப்பகுதியில் விரல்போன்ற சிறுபையாக எஞ்சுகின்றது. அதனை 1809-இல் விளக்கியவர், உல்ஃபின் நூலைப் பெயர்த்த அம்மெக்கலே. அவர் பெயராலேயே அது வழங்கப்படுகின்றது. ஹாலர் தம் ஏதுவிற்கு வேராகக் கொண்ட அந்நாளத்தின் எச்சத்தை அவர்களுட் பெரும்பாலோர் அறியாமலே சுமந்து வாழ்கின்றனர். சிலர்க்கே அது குருதி கசிந்து நோய் செய்யும்.

குடல் முற்றுந் திரும்பாது பிறக்கும் மகவின் நிலையோ கொடியது. சவ்வின் பற்று அகலமின்றிக் காம்புபோற் குறுகிநிற்றலின், குடல் முழுதும் அக்காம்பில் முறுக்குண்டு குருதியோட்டம் தடைப்பட, பச்சைப்பித்தம் கக்கும் குழந்தை விரைவில் இறக்கும். பிறந்த முதன்மாதத்தே இது பெரிதும் நேர்வது. மாலின் ஆராய்ச்சியையும், 1915-இல் இலண்டனில் பிரேசரும் ராபின்சும் செய்த ஆராய்ச்சியையும் அடியாகக் கொண்டு, எடின்பரோ நகரத்து நார்மன் டாட் 1923-இல் இத்திருப்பக் குறைகளை வகுத்துக் காட்டினார். பாஸ்டன் நகரத்துக் குழந்தை மருத்துவமனையின் வில்லியம் லாட் 1936-இல் அதற்குரிய அறுவைமுறையைத் தெளிவாக எழுதினார். முறுக்கை அவிழ்த்தல், முன்சிறுகுடலின் குறுக்கே கிடந்து அதனை நெரிக்கும் கட்டுக்களை அறுத்தல், சவ்வின் பற்றை அகல விரித்தல் என்பன அதன் படிகள். பெருங்குடலை வளர்ந்தவர்க்குரிய இடத்திற்குக் கொண்டுசெல்ல அவர் முயன்றாரல்லர். சிறுகுடலை வலப்புறத்தும் பெருங்குடலை இடப்புறத்தும் வைத்து வயிற்றை மூடினார். பத்தாம் வாரத்துத் திருப்பம் நிகழுமுன் கருவிற் குடல் கிடந்த கிடை அது. அக்கிடையில் முறுக்குண்ணுதற்கு இடங் குறைவு. அம்முறை இன்றும் கையாளப்படுகின்றது. இடப்புறத்தே அமையும் குடல்வாலை அப்பொழுதே அகற்றிவிடுதலும் வழக்கு. பிற்காலத்தே அது வீங்குமாயின், வலப்புறத்தே நோவைத் தேடும் மருத்துவர் மயங்குவராதலின்.